குனிந்தால் ஓடாத நாய்

1

மலேசியாவில் சுங்கைப் பட்டாணியிலிருந்து என் தங்கை விமலா மாதம் ஒரு தடவை போன் போடுவாள். போன வாரமும் போட்டாள். குரலில் கொஞ்சம் கோபம் இருந்தது.

"அஞ்சு வருஷம் ஆச்சுக்கா. ரெண்டு வருஷத்துல திரும்பிடுவேன்னு சொல்லித்தானே போன? டிக்கெட் இப்ப மலிவா கெடக்கு. பார்க்கட்டா?"

"இப்ப வர முடியாது விமலா. காலையில கோப்பியை நடக்கக் கூட்டிப் போகணும்."

"நாயையா?"

"நாயைத்தான்."

அவள் போனை வைத்துவிட்டாள். அக்காவுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று இந்நேரம் தாமானில் வீடு வீடாகச் சொல்லியிருப்பாள். அதனால் அவளுக்கும், என்னைத் தெரிந்த மற்றவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். படித்துவிட்டுக் கிறுக்குதான் என்று தோன்றினால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவுக்குப் போகிறோம் என்று சொன்னபோது கோயில், குளம், பட்டுப்புடவை என்று என்னென்னவோ கேட்டீர்கள். நாங்கள் வந்து இறங்கியது வல்லம் வடகாலில். என் கணவர் சேகருக்கு ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் மெஷின் பராமரிப்பு வேலை. ஜன்னலைத் திறந்தால் ஒரு பக்கம் கன்டெய்னர் லாரி வரிசை, மறுபக்கம் இன்னும் விற்காமல் மிச்சமிருக்கும் நெல் வயல். நடுவில் ஓடும் சடக்கில்தான் எங்கள் வாழ்க்கை. நாம் சடக்கு என்போம், இங்கே ரோடு. என் மகள் ஷாலினி இதை எனக்குத் தினமும் திருத்துவாள்.

என் தாத்தாவின் அப்பா இந்த நாட்டிலிருந்து கப்பலேறிப் போனவர். நானோ விமானத்தில் வந்து, வெளிநாட்டார் பதிவு செய்யும் அலுவலகத்தில் வருடா வருடம் வரிசையில் நிற்கிறேன். முதல் வருடம் கவுண்டரில் இருந்தவர் என் பாஸ்போர்ட்டையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "பேரு தமிழ்ப் பேரு, மூஞ்சி தமிழ் மூஞ்சி. அப்புறம் ஏம்மா ஃபாரினர்?" என்றார். அதைத் தாத்தாவின் அப்பாவிடம்தான் கேட்கவேண்டும் என்றேன். சிரித்துவிட்டு, இன்னும் இரண்டு ஜெராக்ஸ் எடுத்து வரச் சொன்னார்.

2

கோப்பியை எடுத்தது வந்த மறு வருடம். கூட்டு ரோட்டு டீக்கடை பெஞ்சுக்கடியில் மழையில் நடுங்கிக்கொண்டிருந்தது. நம்மூர் கோப்பி நிறம், இங்கே அதைக் காபி என்பார்கள். அதனால் அந்தப் பெயர். ஷாலினி தன் பள்ளி ஸ்வெட்டரில் சுற்றி எடுத்து வந்தாள்.

நான் செய்த முதல் காரியம் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனதுதான். சிரிக்காதீர்கள், உங்களுக்கே தெரியும். நம்மூரில் கழுத்தில் தகடு இல்லாத நாயை நகராட்சி வண்டி எப்போது வந்து அள்ளும் என்று சொல்ல முடியாது. சின்ன வயதில் எங்கள் வீட்டு பிளேக்கிக்குத் தகடு போடும் வரை அப்பா அதைச் சமையலறையை விட்டு வெளியே விடமாட்டார். அந்தப் பயம் எனக்குள் அப்படியே இருந்தது.

"நாய் வளர்க்க லைசென்ஸ் வேணும் சார்."

ஆபீசில் இருந்த கிளார்க் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டார். வாசலில் தண்ணீர்க் குழாய்ப் புகாரோடு நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

"நாய்க்கு லைசென்ஸா? யம்மா, இங்க வூட்டுக்கே பாதிப் பேராண்ட பேப்பர் இல்ல. நாய் பாட்டுக்குக் கீது, நீ பாட்டுக்கு இரு."

எவ்வளவு பெரிய சுதந்திரம்! அன்றைக்கு இந்த நாட்டின் மேல் எனக்குப் பெரிய அன்பு வந்துவிட்டது. வெறுங்கையோடு, ரொம்பச் சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன்.

3

தினமும் விடியற்காலையில் நானும் கோப்பியும் நடப்போம். எங்கள் தெருவில் ஆரம்பித்து, தொழிற்பேட்டைக்குப் போகும் ரோட்டைத் தொட்டு, டீக்கடை வரை. வழியெல்லாம் தெருநாய்கள். கோப்பியைப் பார்த்தால் சூழ்ந்துகொள்ளும். முதல் வாரம் நான் நாலு தடவை அழுதுகொண்டே திரும்பினேன்.

வழி சொன்னவள் கஸ்தூரி. தெருக்கோடி வீடு, கம்பெனி கேன்டீனில் வேலை. என்னை மலேசியாக்கா என்பாள்.

"இன்னாக்கா, இதுக்குப் போயி அழுதுகினு? நாய் வந்தா ஓடாத. அப்டியே நின்னு குனி. கல்லு எடுக்குற மாதிரி. கல்லு கூட வாணாம், கை கீழ போனாலே போதும். எவ்ளோ பெரிய நாயா இருந்தாலும் ஓடிப்பூடும்."

மறுநாள் மூன்று நாய்கள் குரைத்துக்கொண்டு வந்தன. குனிந்தேன். மூன்றும் வாலைச் சுருட்டிக்கொண்டு மறைந்தன! வல்லத்திலும் சரி, அந்தப் பக்கம் மண்ணூரிலும் சரி, குனிந்தால் நாய் ஓடும். இந்த நாட்டு நாய்கள் எல்லாம் குட்டியிலிருந்தே கல்லடி வாங்கி வளர்ந்தவை. மனிதன் முதுகை வளைத்தால் அடுத்தது என்ன என்று அவற்றுக்குத் தெரியும். பாவம்தான். ஆனால் எனக்கு அது உதவியது. குனியத் தெரிந்த பிறகுதான் நான் இந்த ஊர்க்காரி ஆனேன்.

ஷாலினி அதற்கு முன்பே ஆகிவிட்டாள். வரும்போது அவளுக்கு ஐந்து வயது. இப்போது பத்து. "பசியாறிட்டியா?" என்று கேட்டால், "அப்டிக் கேக்காதம்மா, என் ஃபிரண்ட்ஸ் சிரிக்கிறாங்க. சாப்ட்டியான்னு கேளு" என்கிறாள். விமலா போனில் பேசினால், "சித்தி பேசுறது ஃபாரின் மாதிரி கீதும்மா" என்று வாயைப் பொத்திச் சிரிக்கிறாள். ஒரு நாள் பள்ளியில் சொந்த ஊர் எது என்று கேட்டதற்கு வல்லம் என்று சொல்லிவிட்டு வந்தாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பிள்ளைகள் விளையாடும் தெருதானே அவர்களுக்கு ஊர்.

4

எங்கள் வீட்டுச் சொந்தக்காரர் பெயர் தணிகாசலம். நாங்கள் குடியிருந்தது அவருடைய மாடி வீட்டில். தொழிற்பேட்டை வந்தபோது நிலம் கொடுத்தவர். பிறகு மிச்ச நிலத்தில் பிளாட் போட்டு, கட்சிக் கொடி நட்டு, பெரிய ஆளாகிவிட்டார். கோயில் திருவிழாவென்றால் முதல் மரியாதை அவருக்குத்தான். தெருவில் அவர் வந்தால் பைக்கில் போகிறவர்கள் இறங்கி நின்றுவிட்டுப் போவார்கள்.

போன வருடம் பிளாட் காவலுக்கென்று ஒரு நாயை வாங்கி வந்தார். கன்றுக்குட்டி உயரம், பெயர் சீசர். பகலெல்லாம் கூண்டில். விடியற்காலையில் பிளாட் கேட்டைத் திறந்து விட்டுவிடுவார். நாய் ஓடி ஆட வேண்டுமாம். அது ஓடி ஆடுவது ஊர் ரோட்டில். முதல் ஷிப்ட் ஆட்கள் பஸ் பிடிக்க நடக்கும் நேரமும் அதுதான்.

ஒரு நாள் காலை நானும் கோப்பியும் பிளாட் ஓரமாகப் போய்க்கொண்டிருந்தோம். சீசர் வந்தது. குரைக்கவில்லை. தலையைத் தாழ்த்திக்கொண்டு நேராக வந்தது. நான் ஓடவில்லை. கற்ற வித்தையை நம்பினேன். நின்றேன். குனிந்தேன்.

அது நிற்கவில்லை. குனிந்த என் தோளின் மேலேயே கால் வைத்துத் தாண்டி, கோப்பியின் காதைக் கவ்விவிட்டது.

கோப்பி போட்ட சத்தத்தை என்னால் எழுத முடியாது. என் கையில் குடை இருந்தது. வெயிலோ மழையோ குடையில்லாமல் வாசல் தாண்டாத மலேசியாக்காரி என்று தெருவே கேலி செய்யும் அதே குடை. அதைச் சீசரின் முகத்துக்கு நேரே படாரென்று விரித்தேன். அது மிரண்டு காதை விட்டது. குடையை நடுவில் பிடித்தபடியே, கோப்பியை முழங்காலோடு ஒட்டி வைத்துக்கொண்டு, பின்பக்கமாகவே நடந்து வந்தேன். புடவையெல்லாம் ரத்தம்.

ஸ்ரீபெரும்புதூர் கால்நடை மருத்துவமனையில் தையல் போட்டார்கள். சாயங்காலம் பார்க்க வந்த கஸ்தூரியிடம் எரிந்து விழுந்தேன். "குனிஞ்சா ஓடும்னு சொன்னியே! நான் குனிஞ்சேன், ஓடலையே!"

கஸ்தூரி கோப்பியின் காதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அது எப்டிக்கா ஓடும்? அந்த நாய் மேல எவன் கல்லு எடுத்தான்? தணிகாசலம் நாய் மேல எவன் எடுப்பான்?"

நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்பார்கள். அங்கே நாயும் இருந்தது, ரோடு போடக் கொட்டிய ஜல்லி மலை போலக் கல்லும் இருந்தது. எடுக்கத்தான் ஆளைக் காணோம்.

5

தணிகாசலத்தைப் பார்க்கப் போனேன். சேகர் வேண்டாம் என்று தடுத்தும் போனேன். அவர் சாய்வு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, காலையில நாயைக் கட்டி வைங்க. இல்லன்னா கூட ஒரு ஆள் சங்கிலி போட்டுப் பிடிச்சுட்டு நடக்கட்டும்."

"அது கொழந்தமா. வெளாட வந்துது. நீ எதுக்குக் குனிஞ்ச? கல்லு எடுத்து அடிக்கலாம்னு பாத்தியா? ஊர் நாய்ங்களாண்ட காட்டுற வேலைய என் நாயாண்ட காட்டாத."

"காது கிழிஞ்சுருக்கு ஐயா."

"தெருநாய்தானே. தையல் போட்டா ஒட்டிக்கும்."

பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனேன். அதே கிளார்க். அதே பேனா. நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார் பாருங்கள். "அது இருக்கட்டும், உங்க நாய்க்கு இன்னா பேப்பர் கீது?"

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. "நான் கேட்டு வந்தப்ப இதே நாற்காலியிலதான் சார் நீங்க உக்காந்திருந்தீங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்கும் இந்த ஊரில்தானே குடித்தனம்.

அந்த வாரமே தணிகாசலத்திடமிருந்து பதில் வந்துவிட்டது. நாயை எங்காவது விட்டுவிடுங்கள், இல்லையென்றால் வீட்டைக் காலி பண்ணுங்கள். சேகர் தலையில் கை வைத்துக்கொண்டார். விசா நீட்டிக்க வேண்டிய மாதம். வீட்டு அக்ரிமென்ட் இல்லாமல் அது நடக்காது. "நாம வந்தேறிங்க மல்லிகா. கொஞ்சம் அடங்கித்தான் போகணும்" என்றார். நாலு தலைமுறையாக நம் வீட்டு ஆண்கள் இதே வசனத்தைத்தான் சொல்கிறார்கள். அங்கே வந்தேறி, இங்கேயும் வந்தேறி என்றால் எந்த ஊரில்தான் நிமிர்வது?

கோப்பி கட்டிலுக்கடியில் கிடந்தது. சங்கிலியை எடுத்தாலே உடம்பு உதறியது. வாசல் வரை வந்து, அங்கேயே ஈரம் பண்ணிவிட்டு உள்ளே ஓடிவிடும். டீக்கடை பெஞ்சுக்கடியில் கிடந்த அதே குட்டியாக மறுபடி ஆகிவிட்டது.

ஆனால் என்னை உண்மையாகவே எழுப்பி விட்டது ஷாலினிதான். சாப்பிடும்போது சாதாரணமாகச் சொன்னாள்.

"விடும்மா. ஏரிக்கர பக்கமா சுத்திப் போனா இன்னா? எல்லாரும் அப்டித்தான் போறாங்க."

பேச்சை அவள் கற்றுக்கொண்டாள், பொறுத்துக்கொண்டேன். ஊர்ப் பெயரை மாற்றிச் சொன்னாள், அதையும் பொறுத்துக்கொண்டேன். சுற்றிப் போகக் கற்றுக்கொண்டாளே, அதை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை. பத்து வயதில் ஒரு நாய்க்காக ரோட்டை விட்டுக்கொடுத்தால் இருபது வயதில் யாருக்கெல்லாம் விட்டுக்கொடுப்பாள்?

6

வீட்டைக் காலி செய்தோம். தணிகாசலம் நாங்கள் ஸ்ரீபெரும்புதூருக்கோ தாம்பரத்துக்கோ ஓடிவிடுவோம் என்று நினைத்திருப்பார். நாங்கள் போனது அதே தெருவின் கடைசிக்கு, கஸ்தூரி வீட்டு மாடிக்கு. தகரக் கூரை, மதியம் உள்ளே இருக்க முடியாது. "பெரிய மனுசனாண்ட வம்பு வாணாம்" என்றார் கஸ்தூரியின் புருஷன். "வம்பு இன்னாயா வம்பு? வூடு என் பேர்ல கீது, நான் வாடகைக்கு வுடுறேன்" என்றாள் அவள். அக்ரிமென்ட்டிலும் அவளேதான் கையெழுத்துப் போட்டாள்.

பிறகு கோப்பிக்கு மறுபடி நடக்கக் கற்றுக்கொடுத்தேன். முதலில் மாடிப்படி வரை. அடுத்து வாசல் வரை. பிறகு பக்கத்து வேப்பமரம் வரை. சங்கிலியைக் குட்டையாகப் பிடித்து, அதை எப்போதும் எனக்கு உள்பக்கமாக வைத்துக்கொண்டேன். ரோட்டுக்கும் அதற்கும் நடுவில் நான். என் வலது கையில் குடை. வீட்டுக்குள்ளேயே குடையை விரித்து விரித்து மூடி, அந்தச் சத்தத்துக்குக் கோப்பி பயப்படாதபடி பழக்கினேன். ஒவ்வொரு தடவை விரிக்கும்போதும் ஒரு பொறைத் துண்டு. கடைசியில் குடையை எடுத்தாலே வாலாட்ட ஆரம்பித்துவிட்டது.

பிளாட்டைத் தாண்டி நாங்கள் போன முதல் நாள் சீசர் வந்தது. நான் குனியவில்லை. கோப்பிக்கு முன்னால் வந்து நின்று குடையை விரித்தேன். அது நின்றது. இந்தப் பக்கம் சுற்றி வந்தது, குடையைத் திருப்பினேன். அந்தப் பக்கம் வந்தது, திருப்பினேன். நானும் ஓடவில்லை, கோப்பியும் ஓடவில்லை. சீசருக்கு அலுத்துவிட்டது. கேட்டுக்குள் போய்விட்டது.

அதைத் தூரத்திலிருந்து ஒரு பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி லைனில் வேலை செய்யும் இசக்கி. சாத்தான்குளம் பக்கத்துப் பிள்ளை. இவளும் கூட நாலு பெண்களுமாகப் பக்கத்துத் தெருவில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறார்கள்.

"யக்கா, அந்தச் சனியன் கிட்டயே நின்னுட்டியளே! நாங்க இது இருக்குன்னுதான் ஏரிக்கரையச் சுத்திப் போறோம். இருட்டுல பாம்பு பல்லின்னு பயந்துகிட்டு. பஸ் போயிட்டுன்னா அன்னைக்கி லீவுதான், சூப்பர்வைசர் வேற வாயிலயே அடிப்பாரு."

"குடை இருக்கா உங்ககிட்ட?"

"மழையே இல்லையேக்கா."

"நாய் இருக்கே."

மறுநாள் ஐந்து பேரும் குடையோடு வந்து நின்றார்கள். பூப்போட்டது, கம்பி உடைந்தது, ஒருத்தி கையில் ஊரிலிருந்து வரும்போதே எடுத்து வந்த அப்பாவின் கறுப்புக் குடை. வானத்தில் பொட்டு மேகம் இல்லை. ஆறு குடைகளையும் விரித்துப் பிடித்துக்கொண்டு, நடுவில் கோப்பியை விட்டு, பேசிச் சிரித்துக்கொண்டே நடந்தோம். டீக்கடையில் கிளாஸைப் பிடித்த கை பிடித்தபடியே நின்றது. யார் சிரித்தாலும் எனக்குக் கவலையில்லை. என் நாய் நிமிர்ந்து நடந்தது.

7

இன்று காலை தணிகாசலமே கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். சீசர் அவர் பக்கத்தில், கழுத்துப்பட்டையில் அவர் கை. நாங்கள் வழக்கம் போல வந்தோம். இன்று ஷாலினியும் வந்திருந்தாள். பள்ளி விடுமுறை, வேடிக்கை பார்க்க வருகிறேன் என்றாள்.

"மழையே காணோம், இன்னாமா தெனம் குடை ஊர்கோலம்? ஊரே சிரிக்குது."

"சிரிக்கட்டும் ஐயா. கடிக்காம இருந்தா சரி."

"வெளிநாட்டுலேந்து வந்துட்டு என் ஊர்ல எனக்கே சட்டம் பேசுறியா? இந்த ரோடு போட நெலம் குடுத்தவன் நான்."

"குடுத்துட்டீங்கல்ல ஐயா? அப்ப இது ரோடு."

அவர் முகம் சிவந்தது. கை பட்டையிலிருந்து லேசாகத் தளர்ந்ததைப் பார்த்தேன். கோப்பியும் பார்த்திருக்க வேண்டும். என்னை ஒட்டி ஒரு சுற்றுச் சுற்றியது. சங்கிலி என் செருப்பில் மாட்டிக்கொண்டது. இனி ஒரு எட்டு வைத்தாலும் விழுந்துவிடுவேன். அதனால் சங்கிலியை விடுவிக்கக் குனிந்தேன். சத்தியமாக அதற்காகத்தான் குனிந்தேன்.

என் பின்னால் இசக்கி நான் கல் எடுக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். குடையை மடக்கிவிட்டு அவளும் குனிந்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் குனிந்தார்கள். ரோட்டோரம் ஜல்லிக்கு என்ன பஞ்சம்? நான் தலையைத் திருப்பியபோது ஷாலினியும் குனிந்திருந்தாள். ஏரிக்கரை பக்கமாகச் சுற்றிப் போகலாம் என்று சொன்ன அதே ஷாலினி.

சீசர் அசையவில்லை. கையைக் கீழே கொண்டுபோனால் என்ன அர்த்தம் என்று அதற்கு இன்னும் தெரியாது. வாலை ஆட்டிக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

தணிகாசலத்துக்குத் தெரிந்திருந்தது. ஒரு அடி பின்னால் வைத்தார். இன்னொரு அடி. பிறகு நாயையும் இழுத்துக்கொண்டு உள்ளே போய் கேட்டைச் சாத்தினார். உள்பக்கம் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

யாரும் கல்லை எறியவில்லை. எறிய வேண்டியிருக்கவில்லை. பஸ் ஹாரன் கேட்டதும் இசக்கியும் மற்றவர்களும் ஓடினார்கள். நான் சங்கிலியைச் சரிசெய்தேன். கோப்பி பிளாட் கேட்டின் தூணை நிதானமாக முகர்ந்து பார்த்து, அங்கேயே தன் வேலையை முடித்தது.

"பசியாறப் போலாமாம்மா?" என்றாள் ஷாலினி.

விமலா, டிக்கெட் இப்போது பார்க்காதே.